ஆஃப் பம்ப்

சிங்காநல்லூர் வெங்கடபதி வாழ்நாளில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். ஆனால் அதை ஆள் பாக்கி வைக்காமல் எல்லோரிடமும் சொன்னார்.

"எம்பட மக ஹார்ட் டாக்டருங்க."

மகள் பத்மாவதி டாக்டர் என்பது உண்மை. இருதய ஆபரேஷன் நடக்கிற தியேட்டரில் அவளுக்கு வேலை என்பதும் உண்மை. ஆனால் அவள் நிற்பது நெஞ்சுப் பக்கம் அல்ல, தலைமாட்டில். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். அந்தச் சொல்லில்தான் வில்லங்கம். அவள் அந்தப் படிப்பில் சேர்ந்த வருடம் ஒரு கல்யாணப் பந்தியில், வெங்கடபதியின் மச்சினர் ஸ்ரீனிவாஸ், சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே கேட்டார்:

"ஏனுங்க பாவா, ஆளுகள மயக்கறதுக்குப் போயி மூணு வருசம் படிக்கோணுமா? நம்மூருல பொண்ணுக படிக்காமயே மயக்குறாளுகளே!"

பந்தி சிரித்தது. பரிமாறியவன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பந்தி மரியாதைக்காக வெங்கடபதியும் சிரித்தார். கை கழுவப் போனவரிடம் யாரோ, "பாப்பா என்ன படிக்குதுங்க?" என்று கேட்டார்கள். அங்கேதான், ஈரக் கையோடு, பொய் பிறந்தது. அவர்கள் குடும்பத்தில் நைனா, பாவா என்று கூப்பிடுகிற முறைகள்தான் தெலுங்கு. மற்ற பேச்செல்லாம் கொங்குத் தமிழ். பொய்யும் நல்ல கொங்குத் தமிழிலேயே பிறந்தது.

மற்றபடி மனிதர் சுத்தம். சிங்காநல்லூரில் மில் சங்குக்கும் குளத்து நாற்றத்துக்கும் நடுவில் அவருடைய 'பங்காரு பம்ப்ஸ்' இருந்தது. மனைவி பங்காரம்மாவின் பெயர். பலகையில் இடம் பத்தாததால் அம்மாவை விட்டுவிட்டார்கள். அங்கே தயாராகும் ஒவ்வொரு பம்பையும் தொட்டியில் இறக்கி ஓடவிட்டு, வெங்கடபதியே பக்கத்தில் நின்று சோதிப்பார். திருப்புளியின் நுனியைப் பம்பின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கண் ஆம்பியர் மீட்டரில் இருக்கும். அந்த நேரத்தில் பேசுகிறவன் சாயங்காலம் வேறு வேலை தேடவேண்டியதுதான்.

தொண்ணூற்று ஒன்பதாம் வருடம் சித்திரை மாதம். வெயில் தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்திருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயி கந்தப்பன் ஒரு மோட்டாரை டெம்போவில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார்.

"மொதலாளி, உங்க பம்பு கருகிப்போச்சுங்க."

"எம் பம்பு கருகாதுங்க. நீங்க கருக்கியிருப்பீங்க."

"நானென்ன அடுப்புலயா வச்சேன்?"

"வோல்டேஜ் எப்படி இருந்துச்சு?"

"குண்டு பல்பு மின்மினிப் பூச்சியாட்ட எரிஞ்சுதுங்க."

"அப்ப மோட்டார நிறுத்தோணும். இல்லீனா கேட் வால்வப் பாதி மூடிட்டு ஓட்டோணும். சொன்னனா இல்லீங்களா?"

"சொன்னீங்க. தென்னை வாடுதுன்னு நாந்தான் முழுசாத் தொறந்து உட்டுபோட்டேனுங்க."

"வாரது பாதிக் கரண்டு. வேல மட்டும் முழுசாச் செய்யின்னா அது என்னங்க பண்ணும்? தன்னையே தின்னுட்டு ஓடும். லோடக் கொறச்சீங்கன்னா பொழச்சுக்கும்."

சொல்லிக்கொண்டே மோட்டாரைப் புரட்டப் போனவர், பாதியில் நின்றார். நெஞ்சின் நடுவில் யாரோ ஸ்பேனர் போட்டு முறுக்குவதுபோல் இருந்தது. பக்கத்திலிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார்.

"என்னுங்க மொதலாளி?"

"கேஸ்ங்க."

"அட, எனக்கும் இப்படித்தான். ஒரு ஏப்பம் வந்துதுன்னா சரியாப் போயிருமுங்க."

சோடா வந்தது. குடித்துவிட்டு இருவரும் ஏப்பத்துக்காகக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, வந்துவிட்டது என்பதுபோல் வெங்கடபதி தலையை ஆட்டினார். வாயால் சொல்லாததால் அது பொய்க்கணக்கில் சேராது.

வீட்டில் பங்காரம்மா அந்தக் கேஸோடு தனியாக யுத்தம் நடத்திக்கொண்டிருந்தாள். ஓமத் தண்ணீர், பெருங்காய மோர், சுட்ட பூண்டு. உருளைக்கிழங்கு வீட்டுப்படி ஏறி ஒரு வருடம் ஆகியிருந்தது. பச்சைப்பயிறு கடைசலைக்கூட நிறுத்திவிட்டாள். கேஸ் மட்டும் நிற்கவில்லை.

பத்மாவதி கல்யாணமாகித் துடியலூரில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள், அப்பா மாடிப்படியில் பாதியில் நின்று சுவரிலிருந்த காலண்டரைப் பார்ப்பதைக் கவனித்தாள். அது போன வருடத்துக் காலண்டர்.

"நைனா, நெஞ்சப் புடிக்குதா?"

"கேஸ் அம்மணி."

"படி ஏறறப்ப மட்டும் வருதா?"

"கேஸுக்குப் படி தெரியுமா, கெரகம் தெரியுமா? மொதல்ல ஏறறப்ப வந்துச்சு. இப்ப சும்மா இருந்தாலும் வருது."

சந்தகை தின்ற கையைக்கூடக் கழுவாமல் அவரைக் காரில் ஏற்றினாள் பத்மாவதி.

அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே படம் எடுத்தார்கள். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் மூன்றிலும் அடைப்பு. சர்ஜன் ரசாக் மெதுவாகப் பேசுகிற மனிதர். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"பைபாஸ் பண்ணிரலாமுங்க ஐயா. உங்களுக்கு ஆஃப் பம்ப்ல பண்ணிரலாம்."

வெங்கடபதி எழுந்து உட்கார்ந்தார்.

"ஆஃபா? எதுக்குங்க ஆஃப் பண்றீங்க? அடைப்பு குழாயிலதான? எம் பம்பு பொறந்த நாள்ல இருந்து ஒரு நிமிசம் ஆஃப் ஆனதில்லீங்க."

"உங்க பம்ப் இல்லீங்கய்யா. எங்க பம்ப்."

"நீங்களும் பம்பு போடறீங்களா?"

"எங்ககிட்ட ஒரு மெசின் இருக்குதுங்க. சாதாரணமா இருதயத்த நிறுத்திட்டு, அந்த வேலைய மெசின் செய்யும். அதைத்தான் பம்ப்னு சொல்லுவோம். அது இல்லாமப் பண்றது ஆஃப் பம்ப்."

"என்ன மேக்குங்க?"

ரசாக் ஒரு கணம் திகைத்தார். "ஜெர்மனிங்க."

"அதானே. சர்வீசுக்கு ஆளு வரமாட்டான். ஒதுக்கி வைக்கறது நல்லதுதான். அப்ப பம்பு இல்லாம எப்படித் தைப்பீங்க?"

"இருதயம் ஓடிட்டிருக்கறப்பவே தெச்சுருவேனுங்க."

"ஓடற மோட்டார்லயே காயில் கட்டறீங்களா? எங்க பட்டறையில அப்படி ஒருத்தன் கை வச்சான்னா செவுட்டுல ஒண்ணு உட்டுருவேனுங்க."

"தைக்கற நேரம் அந்தக் குழாயில ரத்தத்தக் கொஞ்சம் நிறுத்தி வைக்கோணும். அப்ப இருதயம் தாங்கறாப்பல டாக்டர் பத்மாவதி மாதிரி மயக்க டாக்டருங்க பாத்துக்குவாங்க. கேஸ் குடுப்பாங்க."

பங்காரம்மா தலையில் கை வைத்தாள். "கேஸா! சாமி, கேஸ எறக்கறதுக்குத்தான நாங்க இங்க வந்ததே!"

அதற்குள் செய்தி பரவி, ஒறம்பரையென்று சொந்தபந்தமெல்லாம் வரத் தொடங்கியது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கட்டிலடியில் குவிந்தன. முன்னால் வந்தவர் ஸ்ரீனிவாஸ்.

"பாவா, ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க. நம்ம ஊட்டுப் பொண்ணே ஹார்ட் டாக்டரு. வெளியாளு எதுக்கு? பத்மாவே அறுக்கட்டும். இவியகிட்டயெல்லாம் சொல்லிப்போட்டேன், நாளன்னிக்கு எல்லாரும் வந்து வெளிய நிக்கறம். எங்க பொண்ணு அறுத்துத் தெச்சுட்டு வெளிய வாரதப் பாக்கோணுமில்ல?"

சுற்றி நின்றவர்கள் பெருமையோடு தலையாட்டினார்கள். வெங்கடபதிக்கு வியர்த்தது. பதினைந்து வருடமாகச் சின்னதாக வளர்த்த பொய், இப்போது ஆள் உயரத்துக்கு எழுந்து கட்டிலைச் சுற்றி நின்றது. நாளன்னிக்கு ரசாக் கத்தியோடு வெளியே வருவார். யார் அறுத்தது என்று ஊருக்குத் தெரியும். அப்புறம் மகள் என்ன டாக்டர் என்று கேள்வி வரும். அப்புறம் பந்தி. அப்புறம் ரசம்.

"ஆபரேசன் வேண்டாம்," என்றார்.

"ஏனுங்க!" என்று பங்காரம்மா அலறினாள்.

"எனக்கு ஆஃபும் வேண்டாம், ஆனும் வேண்டாம். ஊட்டுக்குப் போலாம்."

ரசாக் வந்து சொன்னார். பெரிய குழாய் நூலில் தொங்குகிறது, வீட்டுக்குப் போனால் அடுத்த வலிக்கு ஆஸ்பத்திரி வந்து சேர்வது உறுதியில்லை. வெங்கடபதி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். ஸ்ரீனிவாஸ் முன்னால் வெட்கப்படுவதைவிடச் செத்துப்போவது கௌரவமாகத் தோன்றியது. செத்தால், ஹார்ட் டாக்டரின் அப்பா என்று சொல்லிக்கொண்டே அவரைத் தூக்கிப்போவார்கள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தபின் பத்மாவதி வந்தாள். பச்சை உடுப்பு, கழுத்தில் தொங்கும் மாஸ்க். டிபன் பாக்ஸில் நெய் விடாத அரிசிம்பருப்புச் சாதம். கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள்.

"நைனா, நா சர்ஜனாமா? எங்க வார்டு சிஸ்டர்கிட்ட சீனு மாமா சொல்லியிருக்காரு. எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது."

வெங்கடபதி சாதத்தையே பார்த்தார். "மயக்கறவன்னு சொன்னாங்க அம்மணி. பந்தியே சிரிச்சுது."

"சொல்லட்டுமே. நா மயக்கறவதான்."

"நீ ஊசி போட்டுத் தூங்க வச்சுட்டு வந்துருவீன்னு நெனைக்கறாங்க."

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

அவரும் அதைத்தான் நினைத்திருந்தார்.

பத்மாவதி ஸ்பூனை அவர் கையில் கொடுத்தாள். "சாப்பிட்டுட்டே கேளுங்க. ரசாக் சார் ஒரு குழாயத் தைக்கறப்ப அத இறுக்கிப் புடிச்சுருவாரு. அதுக்கு அக்கட்டால இருக்கற சதைக்கு ரத்தம் கொறஞ்சு போயிரும். ஆனா சதைக்கு அது தெரியாது. எப்பவும்போல முழு வேல செஞ்சுட்டே இருக்கும். அப்பத்தான் கருகும்."

ஸ்பூன் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"லோ வோல்டேஜ்," என்றார் வெங்கடபதி.

"ஆமா."

"அப்ப நீ வால்வப் பாதி மூடுவ."

"ஆமா நைனா. அந்தக் கேஸு மூச்சுல போனா ஆளு தூங்கறது மட்டுமில்ல. இருதயமும் கொஞ்சம் மெதுவா அமுக்கும். ரத்தக் குழாயெல்லாம் தளர்ந்து குடுக்கும். வேல கொறையும். வேல கொறஞ்சா அதுக்கு வேண்டிய ரத்தமும் கொறைவாப் போதும்."

"ரொம்ப மூடிட்டா? எங்க பம்புல முழுசா மூடிட்டு ஓட்டுனா உள்ள இருக்கற தண்ணி கொதிச்சுரும்."

"இங்கயும் அதேதான். கேஸு எச்சாப் போச்சுன்னா பிரசர் எறங்கிரும். பிரசர் எறங்குனா இருதயத்துக்கே போய்ச் சேர்ற ரத்தம் கொறஞ்சுரும். காப்பாத்தற கேஸே கொன்னுபோடும்."

"அப்ப மீட்டரப் பாத்துட்டே நிக்கோணும்."

"கை டயல்ல, கண்ணு மீட்டர்ல. அதுலயும் ரசாக் சார் இருதயத்தத் தூக்கிப் புடிக்கறப்ப எல்லா மீட்டரும் ஒண்ணாக் குதிக்கும்."

வெங்கடபதி டிபன் பாக்ஸை மூடி வைத்தார். இந்த வேலை அவருக்குத் தெரியும். முப்பது வருடமாகத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அவர் செய்கிற வேலை. மகள் அதை இன்னும் ஈரமான இடத்தில் செய்துகொண்டிருந்திருக்கிறாள், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"இன்னொண்ணும் இருக்கு நைனா. இப்பத்தான் ரண்டு வருசமா எழுதறாங்க. ரத்தத்த நிறுத்தறதுக்கு முன்னாடியே கொஞ்ச நேரம் இந்தக் கேஸக் காட்டி வச்சம்னா, இருதயம் அத ஞாபகம் வச்சுக்குது. பொறகால கேஸ நிறுத்திட்டாக்கூட, ரத்தம் இல்லாத நேரத்த முன்னையவிட நல்லாத் தாங்குது. முயல்ல பாத்திருக்காங்க, நாயில பாத்திருக்காங்க. மனுசருக்கு இப்பத்தான் பாக்கறாங்க. அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

"எப்படித் தாங்குது?"

"முழுசாத் தெரியல."

"அதாவது, லோ வோல்டேஜ் வரப்போகுது, சூதானமா இருந்துக்கன்னு மோட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கற மாதிரி?"

"அப்படி வச்சுக்கலாம்."

"எந்த மோட்டாரும் அதையெல்லாம் கேக்காது அம்மணி."

"அதான் நைனா. இது மோட்டார் இல்ல."

உலகத்திலுள்ள எல்லாவற்றையும் பம்பாக மாற்றிப் பார்த்தே புரிந்துகொண்ட மனிதர் அவர். குடும்பம், கட்சி, சம்பந்தி வீட்டார் என எல்லாமே அவருக்கு ஏதோ ஒரு வகைப் பம்ப். முதல் தடவையாகப் பம்புக்குள் அடங்காத ஒன்றை மகள் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். பெருமையில் நெஞ்சு விம்மியது. அந்த நெஞ்சுக்கு அது நல்லதல்ல என்று தலைக்கு மேலிருந்த மானிட்டர் கூவியது. பத்மாவதி திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அதன் வாயை அடைத்தாள்.

"நாளன்னிக்கு யாரு நிக்கறது?" என்று கேட்டார்.

"வேற டாக்டர். சொந்தக்காரங்களுக்கு நாங்க நிக்கறதில்ல."

"எம் பம்பு ஒண்ணக்கூட நா பக்கத்துல நிக்காம வெளிய உட்டதில்ல. நீ நிக்கலீனா நா படுக்கல."

பத்மாவதி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரசாக் சார்கிட்டக் கேக்கறேன். ஒத்துக்கிட்டாருன்னா ரண்டு கண்டிசன். ஒண்ணு, உள்ள நா உங்க மக இல்ல. நைனான்னு கூப்பிட மாட்டேன். ரண்டு, வெளிய நிக்கற ஒறம்பரைகிட்ட நா என்ன டாக்டர்னு நீங்களே சொல்லிட்டு உள்ள வாங்க."

"ரண்டாவது கஷ்டம் அம்மணி."

"மொதலாவது எனக்குக் கஷ்டம்."

ஆபரேஷன் நாள் காலை, வராந்தாவில் கல்யாணக் கூட்டம். கந்தப்பன்கூட இளநீர்க் குலையோடு வந்திருந்தார், தன் மோட்டாரைப் பற்றியும் கேட்டுவிடலாம் என்று. ஸ்ட்ரெச்சர் வந்தது. ரசாக் ஒத்துக்கொண்டிருந்தார்; பத்மாவதி கூடவே நடந்தாள்.

"பத்மா, கைய நடுங்காம வச்சு அறு கண்ணு!" என்றார் ஸ்ரீனிவாஸ் எல்லோருக்கும் கேட்கும்படி.

வெங்கடபதி கையைத் தூக்கினார். ஸ்ட்ரெச்சர் நின்றது.

"சீனு, அறுக்கறது ரசாக் டாக்டரு. எம்பட மக மயக்கற டாக்டரு."

பின்னால் யாரோ ஒரு பெண் களுக்கென்றாள்.

"சிரிக்கறவிய இப்பவே சிரிச்சு முடிச்சுக்குங்க. நா பேசோணும்." அவர் முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்தார். "என்னைய மயக்கறது பெரிய சோலியில்ல சீனு. உங்கக்கா, நா பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே அதச் செஞ்சுபோட்டா."

பங்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகைக்காக எடுத்த முந்தானை, வெட்கத்துக்குப் பயன்பட்டது.

"அவ மயக்கறது இருதயத்த. அதுவும் பாதிக்கு மேல மயங்க உடாம. ரத்தம் வாரது நிக்கறப்ப, முழு வேல செஞ்சா கருகிப் போயிருவ சாமி, கொஞ்சம் மெதுவாச் செய்யின்னு அதுகிட்டப் பேசறா. கொஞ்சம் எச்சாக் குடுத்தா ஆளு காலி. கொறச்சுக் குடுத்தாலும் ஆளு காலி. ரண்டுக்கும் நடுவுல ஒரு மசுரு கனத்துல நிக்கறா."

"அட!" என்றார் கந்தப்பன். "எனக்கு வால்வு சொன்னீங்களே, அதேதானுங்க!"

"உங்களுக்குச் சொல்லி நீங்க கேக்கலீங்க. இருதயம் அவ சொன்னாக் கேக்குது. அதுக்கு மூணு வருசம் படிக்கோணும். நானா இருந்தா முப்பது கேப்பேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பத்மாவதி குனிந்து ஸ்ட்ரெச்சரின் பிரேக்கை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அந்த பிரேக்கில் கோளாறு ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

உள்ளே குளிர். தலைமாட்டில் ஒரு மெசின், குழாய்கள், டயல்கள். வெங்கடபதி கழுத்தை வளைத்து அதைப் பார்த்தார்.

"பேர் சொல்லுங்கய்யா," என்றாள் மாஸ்க் போட்ட டாக்டர்.

"வெங்கடபதி. டயல எத்தனையில வைப்ப?"

"பேசாம மூச்சை நல்லா இழுத்து விடுங்கய்யா."

மெசினுக்குப் பக்கத்தில் வைத்து அவரைப் பேசாதே என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்கிற உரிமை அந்த இடத்தில் யாருக்கு உண்டு என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவரும் இல்லை. வாயை மூடிக்கொண்டார். கையில் ஊசி ஏறியது.

அப்புறம் நடந்தது அவருக்குத் தெரியாது. ரசாக் பிற்பாடு பங்காரம்மாவிடம் சொன்னதுதான் நமக்கும். இரண்டாவது குழாயைத் தைக்க இருதயத்தைத் தூக்கியபோது பிரஷர் கிடுகிடுவென்று இறங்கியது. ரசாக் கையை நிறுத்தி, அந்த ஜெர்மன் மெசினைக் கொண்டுவரச் சொல்லவா என்று கேட்டார். பத்மாவதி கேஸைக் குறைத்தாள், மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினாள், மருந்து ஒன்று ஏற்றினாள், மீட்டரைப் பார்த்தாள். ஏறத் தொடங்கியது. கேஸைக் கொஞ்சம் கூட்டினாள். "தைங்க சார்," என்றாள். அவ்வளவுதான். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தபிறகுதான் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாளாம்.

வெங்கடபதி கண் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்தது. அதை எடுத்தபின் குரல் இல்லை. காற்றுதான் வந்தது. பதிலுக்குப் பதில் பேசியே பழகியவருக்கு அது நெஞ்சுத் தையலைவிட வலித்தது.

வார்டுக்கு மாற்றியபின் பார்வையாளர் நேரத்தில் ஸ்ரீனிவாஸ் வந்தார். வந்தவர் அவரிடம் பேசவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் ஆட்களைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கக்கா பொண்ணுங்க. மயக்க டாக்டரு. அறுக்கறவிய இருக்கறாங்க ஊருக்கு ரண்டு பேரு. இது அப்படியில்லீங்க. இருதயத்துக்கிட்டயே நேராப் பேசற படிப்பு. ஓடற இருதயத்த ஒரு நொடி நிக்க உடாம, கேஸாலயே வேல வாங்கிருச்சுங்க எங்க பொண்ணு."

"அப்படிங்களா!" என்றார் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி. "எங்கூட்டுக்காரருக்கும் அந்தம்மாவே குடுப்பாங்களா?"

"சொல்லிப் பாக்கறேன். கஷ்டம்தான். தமிழ்நாட்டுலயே நாலு பேருதானுங்க இதுல."

கட்டிலில் அசைவு. வெங்கடபதி கையைத் தூக்கியிருந்தார்.

"என்னுங்க பாவா, தண்ணியா?"

இல்லை என்று தலையாட்டினார். நெஞ்சு இழுக்க இழுக்க, கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, மற்ற விரல்களை மடக்கி, ஆட்காட்டி விரலை மட்டும் நீட்டினார்.

ஸ்ரீனிவாஸ் அந்த விரலைப் பார்த்தார். புரிந்தது. பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுக்கோணுமுங்க. ஒருத்தர்தானுங்க."

கதவு திறந்து பத்மாவதி வந்தாள். உயர்ந்து நின்ற விரலைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பக்கத்துக் கட்டில்காரரின் வீட்டார் எல்லோரும் எழுந்து நின்று தன்னைக் கும்பிடுவதைப் பார்த்தாள். அந்த விரலைப் பிடித்து, ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப்பை அதிலேயே மாட்டிவிட்டாள்.